சண்டைக்குப் புதுசா வர்றவங்களுக்கு: கிரிக்கெட், சினிமா, டிவி சேனல் பத்தி வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி

என் அக்கா பையன் ப்ளஸ் டூ முடிச்சதும் வீட்ல போன் வாங்கிக் குடுத்தாங்க. வாங்குன மூணாவது நாளே ஆன்லைன்ல நடக்குற கிரிக்கெட் சண்டைக்குள்ள குதிச்சுட்டான். "2011 வேர்ல்ட் கப் தோனி தனி ஆளா ஜெயிச்சுக் குடுத்தது"ன்னு ஒரு வரி தட்டிவிட்டிருக்கான், அஞ்சு நிமிஷத்துல யாரோ ஒருத்தர் "அப்ப அந்த 97 ரன்னை உங்க தாத்தாவா அடிச்சாரு தம்பி"ன்னு கேட்டுட்டாரு, பையன் எனக்கு போன் போட்டு "மாமா சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்க, எல்லாரும் சிரிக்கிற ஸ்மைலியா போடுறாங்க"ன்னு கதறுறான். நான் இந்த வேலையில பதினஞ்சு வருஷமா பல்பு வாங்குனவன், அதனால அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன், புதுசா வர்ற மத்தவங்களுக்கும் ஆகும்.

முதல் படி: இது எந்த டப்பா சண்டைன்னு பாருங்க

நம்ம ஆளுங்க போடுற சண்டை எல்லாத்தையும் நாலு டப்பால போட்டுடலாம். விதி, கணக்கு, ரசனை, நேர்மை. அவுட்டா இல்லையாங்கிறது விதி. எத்தனை ரன், எத்தனை கோடிங்கிறது கணக்கு. படம் நல்லாருக்கா மொக்கையாங்கிறது ரசனை. அந்த சேனல்காரன் வேணும்னே இப்டி போட்டானாங்கிறது நேர்மை. சண்டை முடியாம இழுக்குறதுக்குக் காரணமே ஒருத்தன் கணக்கு பேசிட்டு இருப்பான், இன்னொருத்தன் ரசனை பேசிட்டு இருப்பான், ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுறோம்னு நெனச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கட்டிப் புரளுவாங்க.

2011 ஃபைனலையே எடுத்துக்கோங்க. ஏப்ரல் 2, வாங்கடே. இலங்கை 274, அதுல ஜெயவர்தனே நாட் அவுட் 103. நமக்கு 31 ரன்லயே சேவாக்கும் சச்சினும் காலி. அதுக்கப்புறம் கம்பீரும் கோலியும் சேர்ந்து 83, கம்பீரும் தோனியும் சேர்ந்து 109, கடைசில தோனியும் யுவராஜும் 54. தோனி 79 பால்ல 91, கம்பீர் 122 பால்ல 97. பத்து பால் மிச்சம் இருக்கும்போது குலசேகரா பந்துல அந்த சிக்ஸர். இதுவரைக்கும் கணக்கு, இதுல யாரும் சண்டை போட முடியாது. தொடர் முழுக்க யுவராஜ் 362 ரன், 15 விக்கெட், ஜாகீர் 21 விக்கெட், அதுவும் கணக்குதான். "யார் ஜெயிச்சுக் குடுத்தது"ங்கிறது மட்டும் கணக்கு இல்ல, அது ரசனை. பையன் பண்ண தப்பு என்னன்னா ரசனையை எடுத்துக் கணக்கு மாதிரி சொன்னான். "எனக்கு அந்த 91 தான் கண்ணுல நிக்குது"ன்னு சொல்லியிருந்தா ஒருத்தரும் தாத்தாவை இழுத்திருக்க மாட்டாங்க.

ரெண்டாவது: விதின்னா விதியைத் தொறந்து படிங்க

இதுல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா விதியும் நேர்மையும் மீடியா ஓரவஞ்சனையும் ஒண்ணா கலந்து வர்ற ஒரு கேஸ் நம்ம ஊர் ஆளு கையாலயே நடந்திருக்கு.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர், ஐபிஎல் மேட்ச். ராஜஸ்தானுக்கு 185 அடிக்கணும், 108 க்கு 1 விக்கெட்னு ஜாலியா போயிட்டு இருக்காங்க, பட்லர் 43 பால்ல 69. அஸ்வின் பந்து போட ஓடி வர்றாரு, கை மேல வரல, நின்னாரு, பவுலர் பக்கத்து முனைல நின்ன பட்லர் கோட்டைத் தாண்டிட்டாரு, பெயில்ஸைத் தட்டிட்டாரு. தேர்ட் அம்பயர் அவுட். ராஜஸ்தான் 14 ரன்ல தோத்துச்சு. அன்னிக்கு ராத்திரி ஊரே ரெண்டாச்சு. "வார்னிங் குடுக்கணும்"னு ஒரு கூட்டம் கத்துச்சு. விதியைத் தொறந்து பார்த்தா வார்னிங்னு ஒரு வார்த்தையே அதுல கிடையாது. இதுக்கு ரெண்டு நிமிஷம் போதும், ஆனா முக்கால்வாசி பேர் படிக்கல, படிக்காமலே விடிய விடிய கம்பு சுத்துனாங்க.

சரி, அதோட அஸ்வின் பக்கம் ஜெயிச்சுடுச்சான்னா இல்ல. எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நல்ல பாயிண்ட் இருந்துச்சு, அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் பேசணும். அன்னிக்கு இருந்த விதி, பவுலர் வழக்கமா பந்தை விடுற நேரம் வரைக்கும்தான் ரன் அவுட் பண்ணலாம்னு சொல்லுச்சு. வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்திப் பாருங்க, அஸ்வின் கிரீஸுக்கு வந்து காலை ஊனும்போது பட்லர் பேட் இன்னும் உள்ளதான் இருக்கு, அஸ்வின் நின்ன அந்தக் கொஞ்ச நேரத்துலதான் அவரு வெளிய போறாரு. அப்ப அந்த "வழக்கமான நேரம்" முடிஞ்சுடுச்சா முடியலையாங்கிறதுதான் உண்மையான கேள்வி. விதியை எழுதுற எம்சிசியே மொதல்ல இதுல விதி மீறல் எதுவும் இல்லங்கிற மாதிரி பேசிட்டு, அடுத்த நாள் திரும்பப் பார்த்துட்டு அந்த இடைவெளி ரொம்ப நீளம், ஆட்டத்தோட ஸ்பிரிட்டுக்கு ஒத்து வராதுன்னு சொன்னாங்க. எழுதுனவங்களுக்கே குழப்பம்னா நீங்க நானெல்லாம் "இது க்ளியர்"னு சொல்றது வாயில வடை சுடுறதுதான்.

இப்ப பேரைப் பாருங்க. இந்த மாதிரி அவுட்டுக்கு ரொம்ப வருஷமா "மன்கட்"னு பேரு. 1947 ல ஆஸ்திரேலியா டூர்ல வினு மன்கட், சிட்னி டெஸ்ட்ல பில் பிரவுனை இப்டி அவுட் பண்ணாரு, அதுக்கு முன்னாடி ஒரு மேட்ச்ல எச்சரிக்கையே குடுத்திருந்தாரு. அந்த ஆஸ்திரேலியா டீமோட கேப்டன் பிராட்மேனே மன்கட் மேல தப்பில்லன்னுதான் சொன்னாரு. கோட்டைத் தாண்டி ஓடுனது பிரவுன், ஆனா எழுபது வருஷமா கெட்ட பேரு மன்கட் தலையில. திருட்டுக்குத் திருடன் பேரை வைக்காம புடிச்ச ஏட்டு பேரை வச்ச மாதிரி. மீடியா ஓரவஞ்சனைன்னா நம்ம ஆளுங்க பொய்ச் செய்தியைத்தான் நெனைக்கிறாங்க, ஆனா ஒரு விஷயத்துக்கு என்ன பேரு வைக்கிறாங்கங்கிறதுலயே பாதி சாய்மானம் முடிஞ்சுடும், அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல. கவாஸ்கர் இந்தப் பேரையே எதிர்த்தவரு.

மூணாவது: ஆளை மாத்திப் போட்டுப் பாருங்க

இது நான் வச்சிருக்குற ஒரே டெஸ்ட். அதே சம்பவம், அதே விதி, ஜெர்ஸி மட்டும் மாறுனா நீங்க என்ன சொல்வீங்க?

2022 செப்டம்பர் 24, லார்ட்ஸ். நம்ம பெண்கள் டீம் ஜூலன் கோஸ்வாமியோட கடைசி மேட்ச். இங்கிலாந்துக்கு கடைசி விக்கெட், இன்னும் 17 ரன் வேணும், சார்லி டீன் 47 ல நல்லா ஆடிட்டு இருக்காங்க, தீப்தி ஷர்மா பெயில்ஸைத் தட்டிட்டாங்க. மேட்ச் முடிஞ்சுது, சீரிஸ் 3-0. இங்கிலாந்துல பாதிப் பேரு ஸ்பிரிட் போச்சுன்னு பொங்குனாங்க. அப்புறம் ஒரு பத்திரிகையாளர் உக்காந்து வீடியோவை முழுசா பார்த்து, டீன் அதுக்கு முன்னாடியே 70 தடவைக்கு மேல சீக்கிரமா கிரீஸை விட்டுக் கிளம்புனாங்கன்னு எண்ணிப் போட்டாரு. சண்டை போடுறதுன்னா அப்டிப் போடணும், ஒரு கெட்ட வார்த்தை இல்ல, எண்ணிக்கை மட்டும். இதுல இன்னொரு கூத்து, இந்த விதியை "நியாயமில்லாத ஆட்டம்"ங்கிற பகுதில இருந்து எடுத்து சாதாரண ரன் அவுட் பகுதிக்கு மாத்துறோம்னு எம்சிசி அந்த வருஷம் மார்ச்லயே அறிவிச்சாச்சு, அமலுக்கு வந்தது அக்டோபர் 1. ஒரு வாரம் முன்னாடி நடந்துபோச்சு, அவ்ளோதான்.

இப்ப நம்ம பக்கம். 2014 ல பர்மிங்ஹாம்ல இலங்கையோட சேனநாயக்க இதே பட்லரை இதே மாதிரி அவுட் பண்ணாரு, அதுவும் வார்னிங் குடுத்துட்டு. அப்ப நம்மள்ல எத்தனை பேரு சேனநாயக்கவுக்கு முட்டு குடுத்தோம்? 2012 ல பிரிஸ்பேன்ல இதே அஸ்வின் திரிமன்னவை இப்டி அவுட் பண்ணாரு, அன்னிக்கு கேப்டன் சேவாக், சச்சின்கிட்ட பேசிட்டு அப்பீலை வாபஸ் வாங்கிட்டாரு. அப்ப "பெருந்தன்மை"ன்னு கைதட்டுன ஆளே 2019 ல "விதி விதிதான்"னு பேசுனா, எதிர்ல இருக்குறவன் சிரிக்கத்தான் செய்வான். ரெண்டுல ஒண்ணை எடுங்க. இல்ல, "அன்னிக்கு எனக்கு வேற கருத்து, இப்ப மாத்திக்கிட்டேன்"னு சொல்லுங்க, அதுல ஒண்ணும் கிரீடம் எறங்கிடாது.

நாலாவது, சின்னது: அம்பயர்ஸ் கால்

இதைத் தெரிஞ்சுக்காம ஐபிஎல் பக்கமே வராதீங்க. எல்பிடபிள்யூ ரிவியூல பந்து ஸ்டம்ப்ல படுதுன்னு படம் காட்டும், ஆனா நாட் அவுட் நிக்கும், உடனே "அம்பயரை வாங்கிட்டாங்க"ன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். பந்துல பாதியாவது ஸ்டம்ப் பக்கம் பட்டாத்தான் களத்துல குடுத்த முடிவை மாத்துவாங்க, அதுக்குக் கம்மின்னா அம்பயர் மொதல்ல என்ன சொன்னாரோ அதான். ரெண்டு டீமுக்கும் அதே விதி. காசு வாங்குனாங்கன்னு சொல்றது பெரிய குற்றச்சாட்டு, அதுக்கு ஆதாரம் வேணும், வயித்தெரிச்சல் ஆதாரம் ஆகாது.

நெஜமாவே ஆதாரம் இருந்த கேஸை மறைக்கவும் கூடாது. நான் சிஎஸ்கே ஆளு, மறைக்கல. 2013 சூதாட்ட விவகாரம், அதுல 2015 ஜூலைல சுப்ரீம் கோர்ட் போட்ட லோதா கமிட்டி தீர்ப்பு, 2016 லயும் 2017 லயும் டீமே இல்ல. பிசிசிஐ தலைவரே டீம் வச்சிருக்கலாங்கிற விதித் திருத்தத்தை 2015 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே அடிச்சுத் தள்ளுச்சு. இதை எவனாவது எடுத்துக் காட்டுனா "ஆமா நடந்துச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த பாயிண்ட்டுக்குப் போங்க. பூசி மெழுகப் போனா அன்னிக்குப் பூரா அதையே வச்சு ஓட்டுவாங்க.

அஞ்சாவது: கணக்குல கத்தரிக்கோல் எங்க வச்சிருக்கான்னு பாருங்க

சிஎஸ்கே 2010, 2011, 2018, 2021, 2023. மும்பை 2013, 2015, 2017, 2019, 2020. அஞ்சுக்கு அஞ்சு. "2013 ல இருந்து 2020 வரைக்கும் பாரு"ன்னு மும்பைக்காரன் வந்தா 5-1 ஆயிடும். "2018 ல இருந்து 2023 வரைக்கும் பாரு"ன்னு நம்மாளு வந்தா 3-2. ரெண்டும் பொய் இல்ல, எந்த வருஷத்துல வெட்டுனாங்கங்கிறதுதான் வித்தை. யாராவது ஒரு கணக்கு போட்டா மொதல்ல கேக்க வேண்டியது "ஏன் இந்த வருஷத்துல இருந்து ஆரம்பிக்குற"ங்கிறதுதான். அப்டியே ஆர்சிபிக்குக் கப்பே கிடைக்காதுங்கிற பழைய ஜோக்கையும் பரண்ல போட்டுடுங்க, 2025 ஜூன் 3 ல அகமதாபாத்ல பஞ்சாபை 6 ரன்ல ஜெயிச்சு ஆர்சிபியும் கப்பு வாங்கியாச்சு, இன்னும் "ஈ சாலா"ன்னு கலாய்ச்சா நீங்கதான் பழசு.

ஆறாவது: கோடின்னு சொன்னா எந்தக் கோடின்னு கேளுங்க

சினிமா வசூல் சண்டைதான் நம்ம ஊர்ல கோயில் திருவிழா. எம்ஜிஆர் சிவாஜி, ரஜினி கமல், விஜய் அஜித்னு தலைமுறை தலைமுறையா நடக்குது. அஜித் 2011 லயே ரசிகர் மன்றத்தைக் கலைச்சுட்டாரு, 2021 டிசம்பர்ல "தல"ன்னு கூப்பிடாதீங்கன்னு அறிக்கையே விட்டாரு, அப்பவும் அவரு பேரைச் சொல்லி மண்டையை உடைச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்.

"எங்க ஆளு படம் 100 கோடி"ன்னு போஸ்டர் வரும். அந்த 100 என்ன? பெரும்பாலும் கிராஸ், அதாவது நீங்களும் நானும் கவுண்ட்டர்ல குடுத்த மொத்தக் காசு. அதுல மொதல்ல வரி போகணும். 150 ரூபா டிக்கெட் விலைன்னு வச்சுக்கோங்க, 100 ரூபாய்க்கு மேல போனா 18 சதவீதம் ஜிஎஸ்டி, 27 ரூபா, ஆக 177 ரூபாயை கவுண்ட்டர்ல குடுக்குறீங்க. நம்ம ஸ்டேட்ல உள்ளாட்சிக்குப் போற கேளிக்கை வரி தனி. வரி போனா மிச்சம் நெட். அந்த நெட்டுல தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்துட்டு மிச்சத்தை விநியோகஸ்தருக்குக் குடுப்பாரு, அதுதான் ஷேர். மொத வாரம் விநியோகஸ்தருக்கு ஜாஸ்தி, போகப் போக தியேட்டருக்கு ஜாஸ்தி, படத்துக்குப் படம், ஊருக்கு ஊர் மாறும். உத்தேசமா பாதின்னு வச்சுக்கிட்டா, 100 கோடி கிராஸுக்கு ஜிஎஸ்டி போக 84 சொச்சம், அதுல பாதி 42 சொச்சம். ஒருத்தன் கிராஸைச் சொல்றான், இன்னொருத்தன் ஷேரைச் சொல்றான், ரெண்டு பேருமே "நீ உருட்டுற"ன்னு திட்டிக்கிறாங்க. ரெண்டும் ஒரே காசு.

ஹிட்டா ஃப்ளாப்பாங்கிறது இதுக்கும் மேல. அந்த ஏரியாவை விநியோகஸ்தர் எவ்ளோ குடுத்து வாங்குனாருன்னு தெரியாம சொல்லவே முடியாது. 30 கோடிக்கு வாங்கி 25 கோடி ஷேர் வந்தா அவருக்கு அடி, 5 கோடிக்கு வாங்கி 9 வந்தா அவரு பட்டாசு வெடிப்பாரு, சின்னப் படம்தான் ஹிட். ஓடிடி, சாட்டிலைட்னு தயாரிப்பாளருக்கு வர்ற காசு வேற கதை, தியேட்டர்ல விழுந்த படம் தயாரிப்பாளருக்கு லாபமாவே இருக்கலாம். இத்தனைக்கும் நம்ம நாட்டுல அரசாங்கமோ வேற யாரோ தினமும் வெளியிடுற அதிகாரபூர்வ வசூல் கணக்குன்னு ஒண்ணு கிடையாது. தயாரிப்பாளர் சொல்றது விளம்பரம், ட்ராக்கர்னு சொல்லிக்கிறவங்க போடுறது மதிப்பீடு. அதனால "சுமாரா", "இவங்க சொன்ன கணக்குப்படி"ன்னு ஒரு வார்த்தையைச் சேர்த்துட்டுப் பேசுங்க, நாளைக்கு வேற நம்பர் வந்தாலும் மூக்கு உடையாது.

பழைய படத்தோட ஒப்பிடுறவங்ககிட்டயும் ஜாக்கிரதை. 1944 தீபாவளிக்கு வந்த ஒரு பாகவதர் படம் மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்துச்சு. அதை வச்சு இப்ப இருக்குற படத்தைக் கேவலமா பேசுறது முறையா? இப்ப தமிழ்ப் படம் நாலு வாரத்துல ஓடிடிக்கு வந்துடுது, நூறாவது நாள் போஸ்டர் ஒட்ட சுவரு இருக்கு, படம் இல்ல. ரூபாயை வச்சு ஒப்பிட்டா பழைய ஆளு தோப்பாரு, நாளை வச்சு ஒப்பிட்டா புது ஆளு தோப்பாரு. எத்தனை பேரு டிக்கெட் வாங்கிப் பார்த்தாங்கங்கிற எண்ணிக்கைதான் ஓரளவு சரியான ஒப்பீடு, அது ரெண்டு பேர்கிட்டயும் ஒழுங்கா இல்ல. அப்புறம் எதுக்குச் சண்டை, டீ சாப்பிடப் போலாம்.

படம் பிடிச்சுதா இல்லையாங்கிறதுல மட்டும் யாருக்கும் பயப்பட வேணாம், அது ரசனை டப்பா. மொத நாள் விமர்சனத்தால படம் சாகுதுன்னு தயாரிப்பாளர்கள் 2024 ல மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் போயி விமர்சனத்துக்குத் தடை கேட்டாங்க, கோர்ட் தடை குடுக்கல. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு, எந்த சீன்ல உங்களுக்கு விட்டுப்போச்சுன்னு சேர்த்துச் சொன்னா நாலு பேரு படிப்பாங்க.

ஏழாவது: சேனலைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுங்க

மீடியா சண்டைல எல்லாரும் மொதல்ல எடுக்குற ஆயுதம் "அது யாரு சேனல் தெரியும்ல". தெரிஞ்சு வச்சுக்குறது நல்லதுதான். 1993 தமிழ்ப் புத்தாண்டுக்கு ஆரம்பிச்ச சன் டிவி மாறன் குடும்பத்தோடது, 2007 ல கலைஞர் டிவி வந்துச்சு, ஜெயா டிவி, மக்கள் டிவி, கேப்டன் டிவி, நியூஸ் ஜேன்னு கட்சிக்கு ஒண்ணு, புதிய தலைமுறை எஸ்ஆர்எம் பாரிவேந்தர் குடும்பத்தோடது, அவருக்கும் கட்சி இருக்கு, நியூஸ் 18 ரிலையன்ஸ் பக்கம். விளையாட்டுலயும் இதே கதைதான். சன் குழுமத்துக்குத்தான் ஹைதராபாத் சன்ரைசர்ஸ், சினிமாத் தயாரிப்பும் அவங்களே பண்றாங்க. மும்பை இந்தியன்ஸ் ரிலையன்ஸோடது, ஐபிஎல்லைக் காட்டுற ஜியோஸ்டார்லயும் 2024 இணைப்புக்கு அப்புறம் கட்டுப்பாடு ரிலையன்ஸ் கையில. டீமும் அவங்க, டிவியும் அவங்க. கமெண்ட்ரி பொட்டில உக்காந்திருக்குறவங்களுக்கும் மேல போர்டு இருக்கு, 2020 ல மஞ்ச்ரேக்கரை பிசிசிஐ பேனல்ல இருந்து எடுத்தது ஞாபகம் இருக்கலாம்.

ஆனா ஓனர் யாருங்கிறது சந்தேகப்படுறதுக்குக் காரணம், குற்றத்துக்குச் சாட்சி இல்ல. இங்கதான் புது ஆளுங்க வழுக்கி விழுறாங்க. கட்சி சேனல்ல வந்த செய்தியும் உண்மையா இருக்கலாம், நடுநிலைன்னு போர்டு மாட்டுனவன் உருட்டவும் செய்யலாம்.

அதனால இப்டி பண்ணுங்க. ஏதாவது ஒரு நாள் ஒரே சம்பவத்தை எடுத்துக்கோங்க, மழைத் தண்ணி தேங்குனதுன்னே வச்சுப்போம். நோட்டுல மூணு கட்டம் போடுங்க, மூணு சேனலோட ராத்திரி எட்டு மணி நியூஸைப் பாருங்க. எது மொதச் செய்தியா வந்துச்சு, எத்தனை நிமிஷம் ஓடுச்சு, காமிரா எங்க நின்னுச்சு, முட்டி வரைக்கும் தண்ணில நிக்குற அம்மாவைக் காட்டுனாங்களா, ரெயின்கோட் போட்டுக்கிட்டு மோட்டார் பம்பைப் பார்வையிடுற அமைச்சரைக் காட்டுனாங்களா. ரெண்டும் அதே தெருவா கூட இருக்கும். அப்புறம் வினைச்சொல்லைக் குறிச்சுக்கோங்க, இதுதான் முக்கியம். நம்ம ஆளு பேசுனா "விளக்கம் அளித்தார்", அவன் ஆளு பேசுனா "மழுப்பினார்". நம்ம ஆளு "விளாசினார்", அவன் ஆளு "ஆவேசம்". அப்புறம் "கூறப்படுகிறது"ன்னு ஒண்ணு வரும், யாரு கூறுனாங்கன்னு அந்தச் செய்தில எங்கயும் இருக்காது, அந்த வார்த்தைக்கு அடில ஒரு கோடு போட்டு வைங்க. நாலு நாள் இதைப் பண்ணீங்கன்னா உங்க கையில எழுதுன ஆதாரம் இருக்கும், "அவன் எப்பவுமே இப்டித்தான்"ங்கிற பொத்தாம்பொதுப் பேச்சு தேவைப்படாது. அந்த மூணு சேனல்ல ஒண்ணு நீங்க தினமும் பாக்குறதா இருக்கணும், அதைச் சொல்ல மறந்துட்டேன். நான் மொத தடவை பண்ணப்ப கோடு நெறைய விழுந்தது என் சேனல்லதான், ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல.

நியூஸ் கார்டு பத்தி ஒரு சொந்தக் கதை

ஒரு பழைய கிரிக்கெட் வீரர் இன்னொருத்தரைக் கேவலமா பேசுன மாதிரி ஒரு நியூஸ் கார்டு வந்துச்சு, லோகோ இருக்கு, போட்டோ இருக்கு, சிவப்புப் பட்டை இருக்கு. எனக்கு அந்த வீரரைப் பிடிக்காது, அதனால ஒரு செகண்ட் கூட யோசிக்கல, "பாருங்க இவரோட வன்மத்தை"ன்னு எங்க காலேஜ் செட்டு குரூப்ல தூக்கிப் போட்டேன். மதுரைல இருந்து ஒருத்தன் கேட்டான், "மாப்ள, கார்டுல ஞாயித்துக்கிழமைன்னு இருக்கு, அதே கார்டுல போட்டிருக்குற தேதி செவ்வாய்டா." அவ்ளோதான். அந்தச் சேனல் பக்கத்துல போய்த் தேடுனா அப்டி ஒரு கார்டே இல்ல, யாரோ உக்காந்து செஞ்சது. அழிக்கிறதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டானுங்க, இன்னிக்கு வரைக்கும் என் பிறந்தநாளுக்கு அந்தக் கார்டுதான் வாழ்த்தா வரும்.

அதுல இருந்து கார்டு வந்தா நான் பண்றது: தேதியும் கிழமையும் பொருந்துதான்னு பார்ப்பேன், எழுத்து அந்தச் சேனல் வழக்கமா போடுற ஃபான்ட்டான்னு பார்ப்பேன், அவங்க சொந்தப் பக்கத்துல போய் அன்னிக்குத் தேதில தேடுவேன், போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டு எப்ப எடுத்ததுன்னு பார்ப்பேன். மொத்தமே மூணு நிமிஷம். எதைப் பார்த்ததும் மனசு "சூப்பர் மாட்னான்டா"ன்னு குதிக்குதோ அதைத்தான் ரெண்டு தடவை பார்க்கணும்.

கடைசியா, எழுதும்போது

ஒரு தடவைக்கு ஒரே ஒரு பாயிண்ட். ஏழு பாயிண்ட் போட்டா எதிராளி அதுல சப்பையானதைப் புடிச்சுக்குவான். அவரு சொன்னதை முழுசா எடுத்துப் போட்டுப் பதில் சொல்லுங்க, பாதியை வெட்டாதீங்க. வயசு தெரியாத ஆளுகிட்ட "டா" போடாதீங்க, "ப்ரோ" இல்ல "சார்" போதும், டா போட்ட பின்னாடி அவரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்னு தெரிஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம். தப்புன்னு தெரிஞ்சா "நான் சொன்னது தப்பு, சரி பண்ணதுக்கு நன்றி"ன்னு ஒரே வரி, அதுக்குக் கீழ "இருந்தாலும்"னு ஆரம்பிச்சு ஒரு பத்தி எழுதக் கூடாது. ரெண்டு தடவை அதே பதிலை ரெண்டு பேரும் சொல்லியாச்சுன்னா கடையைச் சாத்துங்க.

சாதி, மதம், அவங்க வீட்டுப் பொம்பளைங்க, பிள்ளைங்க, இந்தப் பக்கம் போகவே கூடாது. 2021 ல பாகிஸ்தான்கிட்ட ஒரு மேட்ச் தோத்ததுக்கு ஷமியை மதத்தைச் சொல்லித் திட்டுனாங்க, அவருக்கு ஆதரவா பேசுன கோலியோட ஒரு வயசு கூட ஆகாத குழந்தைக்கு மிரட்டல் விட்டாங்க, போலீஸ் ஆளைத் தேடிப் புடிச்சுச்சு. ஆன்லைன்ல எழுதுனதுக்கு ஆளைப் புடிக்க இருந்த ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவை 2015 லயே சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, எதுவும் எழுதலாம்னு சிலர் தைரியம் சொல்லுவாங்க, நம்பாதீங்க, அவதூறு இன்னும் குற்றம்தான், இப்ப பாரதிய நியாய சன்ஹிதால 356. காசு வாங்கிட்டான்னு பேரைச் சொல்லி எழுதுறதுக்கு முன்னாடி அந்த நம்பரை நெனச்சுக்கோங்க.

போன வாரம் பையன் திரும்ப போன் போட்டான். "மாமா, 2019 வேர்ல்ட் கப் செமி ஃபைனல்ல 24 க்கு 4 விக்கெட் போனப்புறமும் தோனியை ஏன் ஏழாவதா எறக்குனாங்க? 50 அடிச்சாரு, கப்டில் த்ரோல போச்சு, 18 ரன்ல தோத்தோம், நான் அன்னிக்கு அழுதேன்." சரிடா, இது எந்த டப்பான்னு சொல்லு பார்ப்போம்னேன். விதியா? இல்ல. கணக்கா? கொஞ்சம் யோசிச்சான். "இல்ல மாமா, இதுக்கு அஞ்சாவதா ஒரு டப்பா வேணும்"னான், எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.